நிற்கும்போது அணைந்தால் பயம், இறங்கும்போது அணைத்தால் வீரமா?

பொதுவாக நான் இங்கே கோபமாக எழுதுவதில்லை. வங்கி உத்தியோகம் பார்ப்பவனுக்குக் கோபம் கட்டுப்படியாகாது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று யார் கத்தினாலும் "உட்காருங்க சார், பார்க்கலாம்" என்று சொல்லியே இருபது வருஷம் ஓடிவிட்டது. ஆனால் போன மாதம் திருமலையிலிருந்து இறங்கிய அந்தப் பத்து நொடியை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. அதனால் இன்றைக்குக் கொஞ்சம் காட்டமாகத்தான் இருக்கும். மன்னிக்கவும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி அறிமுகம். சொந்த ஊர் பாளையங்கோட்டை. வேலை சித்தூரில், வீடு திருப்பதியில், ஊருக்குப் போக அறுநூறு கிலோமீட்டருக்கு மேலே. 2022 ஏப்ரல் வரை இரண்டும் ஒரே மாவட்டம், இப்போது இரண்டு. எனக்கு ஒரே பெட்ரோல் செலவுதான் :-)

தங்கமணியின் தம்பி குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். அவர்கள் நாலு பேர், நாங்கள் மூன்று பேர், கூட அத்தை. என் காரில் அத்தனை பேர் ஏற முடியாது. அதனால் ஒரு பெரிய வண்டியை டிரைவரோடு வாடகைக்கு எடுத்தோம். பெட்ரோல் வண்டி, கியர் போட்டு ஓட்டுவது, புதுசு. நிற்கும்போது எஞ்சின் தானாக அணைந்து, கிளம்பும்போது தானாக உயிர் பெறும் வசதி உள்ளது. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் நாமம், பேச்சில் தமிழும் தெலுங்கும் பாதிப் பாதி, நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவு அவரைத் திட்டுவதற்காக அல்ல.

அலிபிரி சோதனைச் சாவடியில் நல்ல கூட்டம். வண்டி நின்றது, டிரைவர் நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டார், எஞ்சின் அணைந்தது. அத்தை பதறிவிட்டார்.

"என்ன மாப்ளே, வண்டி நின்னு போச்சா? மலையேறும்போதே அபசகுனமா?"

"இல்லம்மா, அது கம்பெனிக்காரன் வெச்ச தொல்லை" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் ஒரு பொத்தானை அமுக்கி அந்த வசதியை முடக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பேட்டரி, ஸ்டார்ட்டர் எல்லாம் போயிடும் சார். சும்மா சும்மா ஆஃப் ஆனா வண்டி என்னத்துக்கு ஆகும்?" என்றார். மச்சினன் தலையாட்டினான். சிங்கப்பூரில் அவன் நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்களாம். நான் ஒன்றும் பேசவில்லை. தரிசனத்துக்குப் போகிற வழியில் எதற்கு விவாதம்?

தரிசனம் நன்றாக முடிந்தது. மதியம் இறக்கம். ஏழெட்டு வளைவு தாண்டியிருப்போம். திடீரென்று வண்டிக்குள் அமைதி. ஏசி காற்று நின்றுவிட்டது. மச்சினன் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்கிறது. எட்டிப் பார்த்தேன். கியர் நியூட்ரலில் இருக்கிறது. எஞ்சினை டிரைவரே அணைத்திருக்கிறார். வாயைத் திறப்பதற்குள் முன்னால் போன பஸ் வளைவில் வேகத்தைக் குறைத்தது. இவர் பிரேக்கை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். மூன்றாவது முறை மிதித்தபோது அவர் முகம் மாறியதைக் கண்ணாடியில் பார்த்தேன். பெடல் கல்லாகிவிட்டது. ஸ்டியரிங்கும் கனத்துவிட்டது. மனுஷர் சீட்டிலிருந்து எழுந்து நிற்பதுபோல மிதித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் பாக்கி இருக்கும்போது வண்டி நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தை கோவிந்தா போட்டார். நான் கேட்டதற்கு டிரைவர் சொன்ன பதில் இது:

"ஏம் காது சார். இருபது வருஷமா இப்படித்தான் இறங்கறேன். பெட்ரோல் மிச்சம்."

காலையில் எஞ்சின் தானாக அணைந்ததை ஆபத்து என்று சொல்லி முடக்கிய அதே கை, மதியம் மலை இறக்கத்தில் எஞ்சினை அணைத்திருக்கிறது. இந்த முரண்பாடு அந்த ஒரு டிரைவருடையது மட்டும் அல்ல. நம்மில் பாதிப் பேருடையது. இயந்திரம் கணக்குப் பார்த்து அணைத்தால் நமக்குப் பயம், நாம் கணக்கில்லாமல் அணைத்தால் அதற்குப் பெயர் அனுபவம். இந்தப் பதிவின் சண்டை இதோடுதான்.

முதலில் அந்தத் தானியங்கி வசதி என்ன செய்கிறது என்று பார்ப்போம். நான் பி.காம். காரின் மூடியைத் திறந்தால் எனக்குத் தண்ணீர் ஊற்றும் இடம் மட்டும்தான் தெரியும். ஆனால் நான்கு வருஷமாக இந்த வசதி உள்ள வண்டியை ஓட்டுகிறேன், கையேட்டை இரண்டு தடவை முழுதாகப் படித்திருக்கிறேன். (சிரிக்காதீர்கள். கடன் பத்திரத்தின் பொடி எழுத்தைப் படித்துப் பழகியவனுக்கு அது கதைப் புத்தகம் மாதிரி.)

எங்கள் வங்கியில் ஒரு கடன் பாஸ் ஆக வேண்டுமென்றால் ஒரு பட்டியல் இருக்கிறது. வருமானச் சான்று, பழைய கடன் நிலவரம், அடமானம், கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் ஃபைல் நகராது. இந்த வசதியும் அப்படியொரு கறார் மேனேஜர்தான். எஞ்சினை அணைக்கும் முன் அது பார்க்கிற பட்டியல் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பொதுவாக இப்படி இருக்கும்:

வண்டி நின்றுவிட்டதா, அல்லது நிற்கிற அளவுக்கு வேகம் குறைந்துவிட்டதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கால் கிளட்சிலிருந்து எடுக்கப்பட்டதா? ஆட்டோமேட்டிக் என்றால், பிரேக் மிதித்தபடி இருக்கிறதா? எஞ்சின் போதுமான சூட்டுக்கு வந்துவிட்டதா? பேட்டரியில் மறுபடி ஸ்டார்ட் செய்யும் அளவுக்குச் சார்ஜ் இருக்கிறதா? உள்ளே ஏசி கேட்ட குளிர்ச்சி வந்துவிட்டதா? டிரைவர் கதவு மூடியிருக்கிறதா, பெல்ட் போட்டிருக்கிறாரா? பல வண்டிகளில் இன்னும் ஒன்று உண்டு. சரிவு அதிகமான இடத்தில் நிற்கிறோமா?

கடைசியாக ஒன்று. இதைக் கவனமாகப் படியுங்கள். பிரேக்குக்கு உதவி செய்யும் வெற்றிடம் போதுமான அளவு இருக்கிறதா? இல்லையென்றால் எஞ்சினை அணைக்காது. அணைத்த பிறகு நீங்கள் பிரேக்கை நாலு தடவை மிதித்து விட்டு அந்த வெற்றிடம் குறைந்தாலும் எஞ்சினைத் தானே உயிர்ப்பித்துவிடும்.

எங்கள் டிரைவர் அந்த வளைவில் பார்க்காமல் விட்டது இந்தக் கடைசி வரியைத்தான். சரிந்து ஓடும் வண்டியில், கையால் அணைத்த எஞ்சினுக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது.

நம் காரில் பிரேக்கை மிதிக்கும்போது முழு வேலையையும் நம் கால் செய்வதில்லை. பெடலுக்குப் பின்னால் ஒரு பெரிய டப்பா இருக்கிறது. அதில் ஒரு பக்கம் வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் நம் கால் கொடுக்கிற அழுத்தத்தைப் பல மடங்காக்குகிறது. பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் எஞ்சின் காற்றை உறிஞ்சுவதிலிருந்தும், டீசல் வண்டியில் தனி பம்ப்பிலிருந்தும் அது வருகிறது. எஞ்சின் நின்றால் இரண்டும் நின்றுவிடும். டப்பாவில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிகளுக்கு மட்டும். சேமிப்புக் கணக்கில் வரவு நின்ற பிறகு மூன்று செக் போட்டால் என்ன ஆகும்? நாலாவது செக் திரும்பும். வங்கியில் திரும்பினால் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். மலையில் திரும்பினால்?

இப்போது டிரைவர் சொன்ன "பெட்ரோல் மிச்சம்" என்ற வாதத்துக்கு வருவோம். இது என் ஏரியா :-)

சின்ன பெட்ரோல் கார் சும்மா நின்று ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டர் சுமார் குடிக்கும். ஏசி போட்டால், பெரிய வண்டி என்றால், இன்னும் கூட. 0.8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் விலை கணக்குக்கு 110 ரூபாய். (ஆந்திராவில் விலை தமிழ்நாட்டைவிடக் கூடுதல். எல்லை தாண்டும் முன் டாங்க் நிரப்புவது இங்கே இருக்கும் நம்மவர்களின் பரம்பரை வித்தை.) திருமலையிலிருந்து இறங்க 40 நிமிடம். நியூட்ரலில் எஞ்சின் ஓடிக்கொண்டே இறங்கினால் அரை லிட்டருக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 58 ரூபாய். எஞ்சினை அணைத்தால் அந்த 58 ரூபாய் மிச்சம். டிரைவரின் கணக்கு இவ்வளவுதான். கூட்டல் கழித்தல் சரி. ஆனால் ஒப்பிட்ட இடம் தப்பு.

ஏனென்றால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கியரிலேயே இறங்குவது. இப்போதைய பெட்ரோல், டீசல் வண்டிகளில் எரிபொருளைப் பீச்சுவது கம்ப்யூட்டர். கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுற்றுகின்றன. எஞ்சின் சுற்றும் வேகம் ஓரளவுக்கு மேல் இருக்கும் வரை கம்ப்யூட்டர் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். அதாவது வண்டி இறங்குகிறது, எஞ்சின் சுற்றுகிறது, பிரேக்குக்கு வெற்றிடம் கிடைக்கிறது, ஸ்டியரிங் இலேசாக இருக்கிறது. பெட்ரோல் செலவு அந்த நேரத்தில் பூஜ்யம். போதாததற்கு எஞ்சினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடாகாது.

நியூட்ரலில் விட்டால்தான் செலவு. அந்தச் செலவை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து, பிரேக்கையும் இழந்து, உயிரைப் பணயம் வைக்கிறோம். இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு, கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்க வீட்டை விற்பது மாதிரி. கார்புரேட்டர் காலத்து வண்டியில் எரிபொருளைக் கம்ப்யூட்டர் நிறுத்தாது. அன்றைக்கு இந்தக் கணக்கில் அரைகுறை நியாயமாவது இருந்தது. ஆபத்து அன்றைக்கும் இதேதான். வண்டி மாறி இத்தனை வருஷமாகியும் வாத்தியார் மாறவில்லை.

மலைப்பாதையின் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். நாம் இறங்குகிற சாலைதான் பழையது. 1944-ல் திறந்தது. 36 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 19 கிலோமீட்டர். 1974-ல் இரண்டாவது சாலை வந்த பிறகு ஏற்றத்துக்குப் புதுசு, இறக்கத்துக்குப் பழசு என்று ஆனது. ஏற 28 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, இறங்க 40 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்று நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிக நேரம் கேட்கிறார்கள். இறக்கம்தான் ஆபத்து என்பதைக் கடிகாரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 19 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் கடந்தால் மணிக்கு 28 கிலோமீட்டர் சொச்சம். இரண்டாம் கியர், மூன்றாம் கியர் வேகம். அந்தச் சாலையில் இறங்குகிற பஸ்களின் சத்தத்தைக் கேளுங்கள். கியரில்தான் முனகிக்கொண்டு இறங்கும். நாற்பது ஐம்பது பேரின் உயிரை வைத்துக்கொண்டு ஓட்டுபவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

சரி, தானியங்கி வசதியின் பக்கம் திரும்புவோம். அதை முடக்கச் சொல்பவர்களின் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"ஸ்டார்ட்டர் தேய்ந்துவிடும்." இந்த வசதி உள்ள வண்டியில் ஸ்டார்ட்டரை அதிக தடவை சுற்றுவதற்கென்றே பலமாகச் செய்கிறார்கள். சிலவற்றில் மறு ஸ்டார்ட்டுக்குப் பழைய ஸ்டார்ட்டரே கிடையாது. 2015-ல் மாருதி சியாஸில் வந்த ஏற்பாட்டில் ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் ஒன்றே. பெல்ட் மூலமாகச் சத்தமில்லாமல் எஞ்சினைச் சுற்றிவிடும். அதற்கும் முன்பே மஹிந்திரா ஸ்கார்பியோவில் மைக்ரோ ஹைப்ரிட் என்று இதை விற்றார்கள். உலக அளவில் பார்த்தால் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1974-லேயே டொயோட்டா கிரவுன் காரில் இப்படி ஒன்று வைத்துப் பார்த்தார்கள். நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த சமாச்சாரம் அல்ல.

"பேட்டரி போய்விடும்." இதில் பாதி உண்மை. இந்த வண்டிகளுக்குச் சாதாரண பேட்டரி தாங்காது. அடிக்கடி இறங்கி ஏறுவதைத் தாங்குகிற, இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்று எழுதியிருக்கும் தனி ரகம் வேண்டும். விலை கூடுதல். என் பேட்டரி மாற்றும் நேரம் வந்தபோது ஒரு கடைக்காரர் "அதெல்லாம் கம்பெனி ஏமாத்து சார், இதையே போடுங்க" என்று சாதாரண பேட்டரியை நீட்டினார். போட்டிருந்தால் ஒரு வருஷத்தில் படுத்திருக்கும், நானும் ஊர் முழுக்க இந்த வசதியைத் திட்டிக்கொண்டு திரிந்திருப்பேன். புகார்களில் எத்தனை இப்படிப் பிறந்ததோ!

"மறுபடி ஸ்டார்ட் செய்ய அதிக பெட்ரோல் ஆகும்." சூடான எஞ்சினை மறுபடி கிளப்ப ஆகும் பெட்ரோல், ஏறக்குறைய பத்து நொடி சும்மா ஓடினால் ஆகும் பெட்ரோல்தான். பத்து நொடிக்கு மேல் நிற்கப் போகிறோம் என்றால் அணைப்பது லாபம். டில்லியில் 2020-ல் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை அணைக்கச் சொல்லி அரசாங்கமே இயக்கம் நடத்தியதற்கும் இதுதான் அடிப்படை. பெட்ரோலோடு புகையும் குறைகிறது.

"சில நேரம் அணைகிறது, சில நேரம் அணையவில்லை. ரிப்பேர்." இதுதான் அதிகம் கேட்பது. ரிப்பேர் இல்லை ஐயா, பட்டியலில் ஏதோ ஒன்று குறைகிறது. சித்தூர் மே மாத வெயிலில் என் வண்டி சிக்னலில் அணையவே அணையாது. பெரும்பாலான வண்டிகளில் ஏசி கம்ப்ரஸர் எஞ்சின் பெல்ட்டில் ஓடுவது. எஞ்சின் நின்றால் வெறும் காற்றுதான் வரும். உள்ளே சூடு ஏறினால் தானே கிளப்பிவிடும். மார்கழிக் காலையில் கிளம்பினால் முதல் சில நிமிடம் எஞ்சின் சூடேறவில்லை என்று அணைக்காது. பல நாள் நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தால் பேட்டரி தேறும் வரை அணைக்காது. அது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அந்த மறுப்பே அத்தாட்சி. கேட்டவருக்கெல்லாம் கடன் கொடுக்கிற மேனேஜர் நல்ல மேனேஜரா?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்யவேண்டும். இந்த வசதியால் கிடைக்கும் மிச்சம் பெரிய தொகை அல்ல. என் கணக்கு: திருப்பதி, சித்தூர் ஊருக்குள் தினம் 15 நிமிடம் சிக்னலிலும் நெரிசலிலும் நின்றால், மாதம் 25 நாளுக்கு ஆறேகால் மணி நேரம், 5 லிட்டர், 550 ரூபாய். வெயில் காலத்து மறுப்புகளைக் கழித்தால் பாதி தேறும். நெடுஞ்சாலையில் ஓடுகிற நேரத்துக்கு ஒன்றுமே தேறாது. கம்பெனிக்காரர்கள் இதை உங்கள் பர்ஸுக்காக மட்டும் வைக்கவில்லை. ஐரோப்பாவின் பழைய மைலேஜ் பரிசோதனையில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவான நேரம் வண்டி சும்மா நிற்கும். நம் ஊர்ப் பரிசோதனையும் அதன் வழியில் வந்ததுதான். நிற்கும்போது அணைகிற வண்டி அந்தப் பரிட்சையில் நல்ல மார்க் வாங்கும். 2017-18-லிருந்து இங்கே ஒவ்வொரு கம்பெனியின் வண்டிகளும் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள், 2022-23-லிருந்து 113 கிராமுக்குள் கரியமில வாயுவை விடவேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. அதற்கும் இது உதவுகிறது. ஷோரூமில் விற்கிற தம்பிகள் இதையெல்லாம் சொல்வதில்லை. "ஹைப்ரிட் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். டெலிவரி அன்று தேங்காய் உடைக்க அரைமணி நேரம் ஒதுக்குகிறவர்கள், இதை விளக்க ஐந்து நிமிடம் ஒதுக்கலாமே!

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் கேட்கலாம். 2025 மே மாதம் அங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ செல்டினே இது எல்லோரும் வெறுக்கிற வசதி என்று சொல்லிவிட்டாரே என்று. வெறுக்கலாம். பிடிக்காதவர்கள் பொத்தானை அமுக்கலாம். ஊர்ந்து ஊர்ந்து போகிற நெரிசலில் நானே அமுக்குவேன். என் சண்டை பொத்தானை அமுக்குவதோடு அல்ல. அமுக்குவதற்குச் சொல்கிற பொய்க் காரணங்களோடுதான். "எரிச்சலாக இருக்கிறது" என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். "ஆபத்து" என்று சொல்லிவிட்டு மலையில் சாவியைத் திருப்பாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் வரும். "என் டொயோட்டா ஹைப்ரிட் ஓடும்போதே எஞ்சினை அணைக்கிறதே, அது மட்டும் எப்படி?" அது வேறு ஜாதி. 1997-ல் ப்ரியஸ் வந்ததிலிருந்து அந்த வண்டிகளில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் எஞ்சினை நம்பாத தனி ஏற்பாடு இருக்கிறது. அங்கேயும் அணைப்பது கம்ப்யூட்டர்தான், உங்கள் கை அல்ல.

தானியங்கி வசதியிலும் ஒரே ஒரு இடத்தில் நாம் உஷாராக இருக்கவேண்டும். எஞ்சின் சத்தம் இல்லை என்பதால் வண்டி அணைந்துவிட்டது என்று நினைத்து இறங்கிவிடுவது. அது தூங்குகிறது, அவ்வளவுதான். வீட்டில் பெரியவர்கள் ஓட்டினால் இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். பெல்ட்டைக் கழற்றும் முன், கதவைத் திறக்கும் முன், சாவியைத் திருப்பி அல்லது பொத்தானை அமுக்கி முழுதாக அணையுங்கள், கை பிரேக்கைப் போடுங்கள். பல வண்டிகள் மணி அடித்து எச்சரிக்கும். எல்லா வண்டியையும் நம்ப வேண்டாம்.

சரி, சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கி, வாடகை வண்டி எடுத்து, பிள்ளை குட்டிகளோடு மலைக்கு வரப்போகும் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கிளம்பும் முன்பே டிரைவரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, இறக்கத்துல எஞ்சின் ஓடணும், கியர்ல இறங்கணும். பெட்ரோல் காசு எங்க பொறுப்பு." அந்த 58 ரூபாயைக் கையிலேயே கொடுத்துவிட்டாலும் தப்பில்லை. இறங்கும்போது சத்தம் அடங்கி, ஏசி நின்றால், தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து கேளுங்கள். சங்கோஜம் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அதிகாரம் பண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும். நான் அன்றைக்குக் காலையில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மரியாதைக்கு நாங்கள் கொடுக்க இருந்த விலை எட்டு உயிர், டிரைவரோடு ஒன்பது.

தப்பித்தவறி எஞ்சின் நின்றே போனால், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே மிதியாக, முழுப் பலத்தோடு, அழுத்தியபடியே வையுங்கள். பெடல் கல்லாக இருந்தாலும் பிரேக் பிடிக்கும், பலம்தான் அதிகம் வேண்டும். சாவியை முழுதாகத் திருப்பி வெளியே எடுக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள்.

அன்று கீழே அலிபிரிக்கு வந்ததும் டீ குடிக்க நிறுத்தினோம். டிரைவரைத் தனியாக அழைத்து, மேலே எழுதிய கணக்கை ஒரு ரசீதின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். கியரில் இறங்கினால் பெட்ரோல் போகாது என்று சொன்னபோது நம்பவில்லை. "காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணவா?" என்று கேட்டேன். இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தால் அந்த விநாயகர் விடமாட்டார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் சிரித்துவிட்டார். அந்த ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்ப வீடு வரும் வழியில் ஒரு சிக்னலில் நின்றோம். எஞ்சின் தானாக அணைந்தது. காலையில் முடக்கியதை அவர் மறுபடி முடக்கவில்லை. (சாவியைத் திருப்பி எடுத்தால் அந்த வசதி தானே திரும்ப வந்துவிடும்.) பின் சீட்டிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்.

"இப்ப நிக்கிறது பரவாயில்லையா மாப்ளே?"

"பரவாயில்லை அத்தை. இப்ப நாமளும் நிக்கிறோமே."